கணக்கு டீச்சர் தரையில் போட்ட கோடு

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் ஒரே கணக்கைப் பலவிதமாகச் சொல்லித் தருவார். கேட்டால் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பாட்டாக, பார்த்தால் புரிகிறவர்களுக்குப் படமாக. ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மெல்ல மிதக்கும். பெருக்க வந்த நான் துடைப்பத்தோடு கனவில் நிற்பதுபோல் நின்றுவிடுவேன். நான் படித்தது ஐந்தாவதுதான்.

காத்தாடி என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணுக்குப் பாட்டும் ஏறவில்லை, படமும் ஏறவில்லை. ஓரிடத்தில் உட்காரவே மாட்டாள். "வெள்ளிக்கிழமை நானே வந்து கேப்பேன். கழித்தல் வரலைன்னா கீழ் வகுப்புதான்" என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

அன்றே டீச்சர் சுவருக்குச் சுவர் தரையில் ஒரு கோடு போட்டு, அடிக்கு ஒன்றாக இருபது வரை எழுதினார்.

"பதினஞ்சுல நில்லுடி. ஏழு போகணும். பின்னாடியே நட."

நடந்தாள். "எட்டு டீச்சர்!"

"இவளுக்கு மூளை கால்ல இருக்கு டீச்சர்" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

"எங்க இருந்தா என்ன? இருக்குல்ல?"

தினமும் நடந்தாள், தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாக.

வெள்ளிக்கிழமை காலை, தலைமை ஆசிரியர் வருகிறாரே, தரை பளிச்சென்று இருக்கட்டும் என்று அழுத்தித் துடைத்தேன். வாளியைத் தூக்கும்போதுதான் உறைத்தது. தண்ணீரெல்லாம் வெள்ளை. கடவுளே, ஒரு பிள்ளையின் படிப்பையே துடைத்துவிட்டேனே!

"டீச்சர், கோட்டை அழிச்சிட்டேன்" என்றேன். ஈரத்தில் சாக்பீஸ் பிடிக்காது. அதற்குள் தலைமை ஆசிரியர் உள்ளே வந்துவிட்டார்.

"பதிமூணுல ஆறு போனா?"

காத்தாடி வெறும் தரையைப் பார்த்தாள். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டேன். அவள் எழுந்து ஜன்னலுக்கு நேரே போய் நின்றாள். பதிமூன்று அங்கேதான் இருந்தது. கண்ணை மூடிப் பின்னால் நடந்தாள். ஈரத்தரையில் ஆறு புழுதிக் கால்தடம்.

"ஏழு சார்."

"நடக்காம சொல்லு. பதினெட்டுல ஏழு?"

நின்ற இடத்தில் அவள் கால்விரல்கள் மட்டும் அசைந்தன.

"பதினொண்ணு."

"எப்படிச் சொன்னே?"

"மனசுக்குள்ள நடந்தேன் சார்."

அவர் சிரித்துவிட்டார். "இங்கயே இருக்கட்டும் டீச்சர்."

அவர் போனதும் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை வராந்தாவுல நூறு வரைக்கும் போடப்போறேன் அக்கா. நல்லா நடந்து பழகட்டும். அப்புறம் நான் சொல்றேன், வந்து துடைச்சிடுங்க."