சுண்ணாம்பு வெந்த கொல்லை

மலைமேல் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கம்பம் ஊரில் எங்கள் வீட்டு வழியாகத்தான் அணைக்குச் சுண்ணாம்பு வண்டிகள் போகும். ஓர் ஆனி மாதம், அச்சு முறிந்து நின்ற வண்டியின் சுமையை எங்கள் கொல்லையில் இறக்கிவைக்கச் சொன்னார் என் கணவரின் அண்ணன். என்னைக் கேட்கவில்லை. அங்கே கத்தரியும் அவரையும் வைத்தவள் நான் என்பது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

அன்று சாயங்காலமே சாரல் பிடித்துக்கொண்டது. நீற்றாத சுண்ணாம்பு ஈரம் பட்டதும் கொதித்துப் புகைந்தது. வெள்ளைத் தண்ணீர் பாத்தி பாத்தியாக இறங்கியது. மறுநாள் மிச்சச் சுண்ணாம்பை வேறு வண்டியில் அள்ளிப்போன பிறகு பார்த்தால் ஒரு செடி உயிரோடு இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

கோபம் வந்து என்ன செய்ய? மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி வாய் திறப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவர் சொல்வதை அவர் மனைவி, என் ஓரகத்திதான் வந்து சொல்வார்.

"இனிமே அங்கன என்னத்த முளைக்கப் போகுது, வண்டி நிறுத்த விட்ருவோம்னு சொல்றாக."

"பொங்கக் கொழம்புக்கு அந்தக் கொல்லையில காய் பறிச்சுக் காட்டுறேன்னு சொல்லுங்கக்கா. முடியலேன்னா வண்டி நிக்கட்டும்."

போன வேகத்தில் திரும்பி வந்தார். "சரின்னுட்டாக."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, செய்தது முட்டாள்தனம். செடி வைக்கிற எந்தப் பெண்ணும் செய்வதைப்போல அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினேன். பற்றாததற்கு அக்கம்பக்கத்து அடுப்புகளையும் வழித்துக்கொண்டு வந்தேன். அதில் விதைத்த கீரை இரண்டு தடவை முளைத்து, இரண்டு தடவையும் மஞ்சளாகிச் செத்தது. ஆடி முடியும்போதுதான் கவனித்தேன்: அன்று கட்டிவைத்த வண்டிமாடு சாணி போட்ட மூலையில் புல் தலைகாட்டுகிறது, நான் சாம்பல் கொட்டிய இடமெல்லாம் மொட்டை. வெந்த மண்ணில் சுண்ணாம்புக் காரத்துக்கு மேல் சாம்பல் காரத்தைக் கொட்டியிருக்கிறேன்! என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே மண்வெட்டியை எடுத்தேன். ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணையெல்லாம் வேலிக்கு வெளியே தள்ளினேன். கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போனது. என் கணவர் அண்ணனை எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் கண்மாய் வண்டலை வயலுக்கு என்று சொல்லி ஏற்றிக்கொண்டு, பாதியை என் கொல்லையில் கொட்டிவிட்டுப் போனார். அவரால் முடிந்தது அது. பழைய சாணியைச் சேர்த்துக் கிளறி, ஆவணிக் கடைசியில் அவரை ஊன்றினேன். மார்கழியில் பந்தல் முழுக்கப் பூ.

பொங்கலுக்கு முந்தின நாள் முறம் நிறையப் பறித்துக்கொண்டிருந்தேன். கொல்லைப் படலைத் திறந்துகொண்டு ஒரு வண்டி உள்ளே திரும்புகிறது. மூத்தார் முன்னால் நின்று வழிகாட்டுகிறார். சொன்னதை அவர் மறந்தே போயிருந்தார். நான் முறத்தோடு போய்க் குறுக்கே நின்றேன்.

"காய் வந்துருச்சு. நீங்க சரின்னு சொன்னீக. வண்டி உள்ள வராது."

என் ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டார். மூத்தார் என்னைப் பார்க்கவில்லை. பந்தலைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார். பிறகு தம் மனைவி பக்கம் திரும்பி, "வண்டியத் தெருவுலயே நிறுத்துறேன்னு சொல்லு" என்றார்.

அதற்கப்புறமும் எத்தனையோ வருஷம் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன். அவரிடம் நேருக்கு நேர் பேசியது அந்த ஒரு தடவைதான். இன்னொரு தடவை பேச அவர் எனக்கு வேலை வைக்கவில்லை.