சண்முகம் அண்ணாச்சி மேல் விழுந்த பழி

காலைப் பூஜைக்கு விளக்கேற்றி முடித்திருந்தேன். சாந்த்ராகாச்சியிலிருந்து அண்ணாச்சியின் மனைவி, மதினி, போன் செய்தார். "அண்ணாச்சி போயிட்டாவம்மா." அழுகை அடங்கியதும் அவர் சொன்னது: "கோயில்ல யாருக்கும் சொல்லாத." நம் கோயில் குழுவில் உங்கள் எல்லாருக்கும் சொல்லத்தான் போகிறேன். மதினி என்னை மன்னிக்க வேண்டும்.

அண்ணாச்சி கிடர்பூர் துறைமுக ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலியால் ஹவுரா தாண்டிக் கோயிலுக்கு வர முடியாமல் போன பிறகும் கோயில் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டார். உங்கள் ஒவ்வொருவர் நட்சத்திரத்தன்றும் அர்ச்சனை நடக்கிறதே, அந்தப் பெயர்ப் பட்டியல் அதில்தான் இருந்தது. பெயர்களை ஏற்றியவள் நான். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டவள்தான். ஆனாலும் என்னிடம் கேட்காமல் அவர் எதையும் மாற்றியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் கம்ப்யூட்டருக்குப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டோம். அவர் அங்கே, நான் என் வீட்டில், கம்ப்யூட்டர் கோயிலில்.

"தங்கச்சி, கோயிலுக்குப் போற லைன் சும்மா கெடந்தா ஆளே இல்லன்னு நெனச்சு நெட்டுக்காரன் அறுத்துருவான். அரை நிமிஷத்துக்கு ஒருக்க அந்தக் கம்ப்யூட்டர்ட்ட 'இருக்கியா'ன்னு கேக்க வச்சிருக்கேன்."

"அப்படியும் அறுந்தா?"

"வேலை அந்தப் பக்கம் ஓடிக்கிட்டே இருக்கும். நாம திரும்பப் போயி ஒட்டிக்கிடலாம். கரண்டு மட்டும் போவப்படாது, ஆமா."

அதற்காகவே அன்று காலையிலேயே நான் கோயிலுக்குப் போய், 'பிடுங்காதீர்கள்' என்று தமிழிலும் வங்காளத்திலும் எழுதிக் கம்ப்யூட்டர் ப்ளக்கில் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். கோயில் செயலாளரிடமும் நேரில் சொன்னேன். தலையாட்டினார்.

நான் எதையும் நேரத்தோடு நோட்டில் எழுதுகிறவள். மாலை ஆறு நாற்பதுக்கு வேலை அறுபத்திரண்டு சதவீதம். ஆறு நாற்பத்தொன்றுக்குத் திரையில் ஒன்றுமே இல்லை. இரண்டு நிமிடம் கழித்துச் செயலாளரே குழுவில் பஜனைப் படம் போட்டார். மைக் முன்னால் அவர் பாடுகிறார். பின்னால் ஆபீஸ் சுவரில் மைக்கின் ஒயர் செருகியிருக்கிறது. என் காகிதத்தோடு எங்கள் ப்ளக் தரையில் கிடக்கிறது.

பாதியில் கரண்டு போனதில் பட்டியல் அழிந்துவிட்டது. கமிட்டியில் அதே மனிதர் சொன்னார்: "பெரியவருக்கு வயசாச்சு. வீட்ல உக்காந்து எதையோ அமுக்கிட்டார்." எல்லாரும் சிரித்தீர்கள். அந்தப் படத்தைக் காட்டுகிறேன் என்று நான் போனைக் கையில் எடுத்தேன். அதே போனின் மறுமுனையில் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி, "விடு தங்கச்சி, சாமி எடத்துல சண்டை எதுக்கு?" என்றார். விட்டேன். அது என் தப்பு.

தன்னிடம் இருந்த நகலிலிருந்து இரண்டே நாளில் பட்டியலை மீட்டுக்கொடுத்தார். ஒருவர் அர்ச்சனையும் தவறவில்லை. மூன்றாம் நாள் பாஸ்வேர்டை மாற்றி அவரை வெளியே தள்ளினார்கள். "நம்பாம போயிட்டாவளே" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

சாவுச் செய்தி எப்படியோ கமிட்டிக்கு எட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் செயலாளர்தான் முதலில் பேசுகிறாராம். பேசட்டும். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவேன். அவர் மதினி காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கும்வரை கீழே இறக்க மாட்டேன். முருகன் என்னைத் தண்டித்தால் தண்டிக்கட்டும்.

அண்ணாச்சியின் பொறுமை அவரோடு போய்விட்டது. அவர் கடைசிவரை காட்டாத கோபம் என்னிடம் இருக்கிறது.