தூங்கியதாகச் சொன்ன சாட்சி

என் சக ஊழியருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்றுதான் முதலில் நம்பினேன். தொண்ணூறுகளின் நடுவில், எடிசன் என்ற அமெரிக்க ஊரிலிருந்து பஸ் எட்டாத எங்கள் அலுவலகத்துக்கு என்னைத் தினமும் ஏற்றிக்கொண்டு போன கறுப்பர் அவர். மாதம் தவறாமல் போலீஸ் அவரை நிறுத்தும். நிறபேதத்தை அறுபதுகளிலேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள் என்று படித்துவிட்டு விமானம் ஏறியவன் நான். அப்படியானால் கோளாறு இவர் ஓட்டுவதில்தானே இருக்க வேண்டும்? லைசென்ஸே இல்லாத நான் பக்கத்து சீட்டிலிருந்து பாடம் எடுத்தேன். அவரோ வேக வரம்பைத் தாண்டியதே இல்லை. ஸ்கூல் பஸ்கூட எங்களை முந்திக்கொண்டு போகும்.

ஒரு நாள் காலை ஃப்ரீவேயில் பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது. ஓரமாக நிறுத்தி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டார்.

"இறங்காதீங்க" என்றார்.

நான் நம் ஊர் வழக்கப்படி இறங்கிவிட்டேன். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு, சார் சார் என்று போலீஸ்காரரை நோக்கி நடந்தேன். அவர் கை துப்பாக்கிக்குப் போனது. என் கைகள் தாமாக மேலே போயின. டப்பா திறந்துகொண்டு தயிர் சாதம் தலை வழியாக இறங்கியது.

"இவர் யாரு உங்களுக்கு?"

"அவ்வளவா பழக்கமில்ல சார். லிஃப்ட் குடுத்தாரு, அவ்வளவுதான்."

அவர் வீட்டுப் பிறந்தநாள் கேக்கைத் தின்றவன் சொன்னது இது. கார் ஜன்னல் திறந்திருந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை.

தாறுமாறாக லேன் மாறியதாக அபராத டிக்கெட் எழுதினார் போலீஸ்காரர். என் சக ஊழியர் லேனே மாறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். ஏற்கெனவே சேர்ந்திருந்த டிக்கெட்டுகளோடு இதுவும் சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். அதனால் கோர்ட்டுக்குப் போனார். பார்த்ததை வந்து சொன்னால் போதும் என்று என்னைக் கேட்டார்.

வீட்டில் மனைவியிடம் புலம்பினேன். "கிரீன் கார்டு ப்ராசஸ் நடக்குது. இப்பப் போயி கோர்ட்டு, போலீஸுன்னு..."

"பாத்தததானே சொல்லச் சொல்றாரு? நீங்க என்ன பேங்க்கையா கொள்ளையடிச்சீங்க?"

"உனக்குத் தெரியாதும்மா. ஃபைல்ல ஒரு கோடு விழுந்தா பிளேன் ஏத்திடுவான்."

"தினம் ஓசியில கார் ஏறும்போது இந்த ஃபைல் ஞாபகம் வரலையாக்கும்?"

சக ஊழியருடைய வக்கீல் ஃபோன் செய்தபோது, நான் காரில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

"கதவத் தொறந்து எறங்கினதும் தூக்கத்துலதானா?" என்றார் வக்கீல்.

ஆமாம் என்றேன்.

பார்ட்டிகளில் தயிர் சாதக் கதையைச் சொல்லிப் பலமுறை கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இந்த 'ஆமாம்' மட்டும் அதில் வராது.

அந்த வாரமே வேறொரு கிளையன்ட் அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். வழக்கு என்ன ஆனதென்று விசாரிக்கவில்லை. சில வருடங்கள் கழித்து, நெடுஞ்சாலைகளில் நிறம் பார்த்துத்தான் வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள் என்று மாநில அரசே ஒப்புக்கொண்டது. அதற்குள் எனக்குக் கிரீன் கார்டு வந்திருந்தது, கூடவே தைரியமும். அந்தச் சக ஊழியரை ஃபோனில் பிடித்தேன்.

"இப்ப சாட்சி சொல்ல வரேன்."

"எதுக்கு?" என்றார்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது: அன்று சாட்சி யாரும் வராததால் போலீஸ்காரர் சொன்னதையே நீதிபதி ஏற்றுக்கொண்டிருக்கிறார். லைசென்ஸை ஆறு மாதம் முடக்கிவிட்டார்கள். அலுவலகத்துக்கு வர வழியில்லாமல் அவர் வேலையை இழந்தார்.