அந்த வண்டி நம்பர் இருக்கா?

போன வாரம் ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஆஃப் பண்ணாமலே என் லாட்டரித் தட்டுக்கு முன்னால் நிறுத்தி, தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“ஆக்டர் போன வண்டி நம்பர் உண்டோ?”

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கடைசி நாலு எண்ணை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், போய்விட்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காது. சொல்கிறேன். இந்த மலையாள ஊரில் யாராவது பெரிய ஆள் கார் விபத்தில் செத்தால், மறுநாள் காலையில் கிழக்கேகோட்டையில் லாட்டரி விற்கிற எங்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் வரும் — அந்தக் காரின் கடைசி நாலு நம்பரில் டிக்கெட் இருக்கா? செத்தவர் அனுபவிக்காமல் விட்ட அதிர்ஷ்டம் நம்பரில் மிச்சம் இருக்குமாம். என்ன நம்பிக்கையோ... அதே ஆள் மாரடைப்பில் போனால் ஆஸ்பத்திரிக் கட்டில் நம்பரை யாரும் கேட்பதில்லை!

இந்த நம்பர், டிவி சீரியலில் வில்லன் மாமனாராக வந்த நடிகருடையது. தினமும் சாயங்காலம் அவரைத் திட்டிக்கொண்டே சீரியல் பார்த்த பெண்கள், அவர் செத்த அன்று அழுததை நான் கண்ணால் பார்த்தேன். பொன்முடி மலையில் ஷூட்டிங் முடித்துவிட்டு இறங்கும்போது, வித்துராவுக்குக் கொஞ்சம் மேலே, மழையில் கார் வளைவைத் தாண்டிப் பள்ளத்தில் போய்விட்டது.

அந்தக் காரை ஓட்டியவன் என் அண்ணன் முருகன். அவனும் அதில்தான் போனான்.

இந்தப் பக்கத்தில் இடையில் கொஞ்ச நாள் நான் எழுதாததற்கு அதுதான் காரணம். ஆசிரியர் உடல்நலக் குறைவு என்று போட்டிருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் அழுகை வந்தது, அவ்வளவுதான்.

திரும்பத் தட்டு போட வந்தபோதுதான் கவனித்தேன். பக்கத்தில் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து விற்கிற சுகுமாரன் சேட்டன், யாராவது அந்த நம்பரைக் கேட்டு வாயைத் திறக்கும்போதே, என் காதில் விழாதபடி அவர்களைத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொள்வார். நான்தான் ஒரு நாள் சொன்னேன், எனக்கு ஒன்றும் இல்லை சேட்டா, கேட்கட்டும் என்று.

உண்மையாகவே எனக்கு ஒன்றும் இல்லை. ஏன் தெரியுமா? எல்லோரும் கேட்கிற நம்பர் தப்பு!

டிவியில் காட்டினார்களே, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனதை... காரின் முன்பக்கம் நசுங்கி நம்பர் பலகையே காணோம். ஜனங்கள் பார்த்து எழுதிவைத்தது இழுத்துப் போன ரிக்கவரி வண்டியின் நம்பரை. அன்றைக்கு நடிகர் போனது அவர் வழக்கமாகப் போகிற வெள்ளைக் காரிலும் இல்லை. அது சர்வீசுக்குப் போயிருந்ததால் அவர் மனைவியின் காரை எடுத்துப் போயிருந்தார்கள். அந்த நம்பர் எனக்குத் தெரியும். அண்ணன் அந்தக் காரோடு எடுத்த போட்டோ என் போனில் இருக்கிறது. அந்த நாலு எண்ணில் முடியும் டிக்கெட் எப்போதாவது என் தட்டுக்கும் வரும். யாரும் சீண்டமாட்டார்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

ஆனால் ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. பிரபலமானவர் கார் விபத்தில் செத்தால் நமக்கு ஏன் இத்தனை கேள்வி? முன்னால் இருந்தாரா, பின்னாலா? பெல்ட் போட்டிருந்தாரா? வழியில் எங்கே சாப்பிட்டார்? நோயில் செத்தால் ‘பாவம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள், கார் என்றால் மட்டும் போலீஸ் ஆகிவிடுகிறார்கள்.

எனக்குத் தோன்றியது இதுதான். நோயை நாம் தடுத்திருக்க முடியாது. கார் அப்படியில்லை... ஒரு டீ குடிக்க நிறுத்தியிருந்தால் போதுமே! செத்துப்போனவரை எல்லோரும் கேள்வி கேட்டுக் கேட்டே பின்னால் இழுக்கப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தானே இழுத்துக்கொண்டிருந்தேன்.

சுகுமாரன் சேட்டனுக்கு இதெல்லாம் மனப்பாடம். கச்சேரி முடித்துத் திரும்பும்போது பாலத்தில் மோதிச் செத்த பாடகர், கல்யாணத்துக்குப் போகிற வழியில் மரத்தில் இடித்த எம்.எல்.ஏ., புதுக் கார் வாங்கிக் கோயிலுக்குப் போய் வரும்போதே போன பழைய ஹீரோ... கார் என்ன கலர் என்பது வரைக்கும் சொல்வார். ஒரு நாள் கேட்டேன், அந்தக் காரையெல்லாம் ஓட்டினது யார் என்று.

அவர் யோசித்தார். ஒரு பேரும் வரவில்லை.

“டிரைவர்மாரா? அவங்க எல்லாம்... உறங்கிப்போயின்னு கேட்டிட்டுண்டு மோளே” என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். பேர் ஒருத்தருக்கும் தெரியவில்லை. தூங்கிவிட்டான் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த நாட்டில் பெரிய ஆட்களின் கார் டிரைவர்கள் அத்தனை பேரும் தூங்கிக்கொண்டேவா ஓட்டுகிறார்கள்? பார்த்தது யார்?

இது வெறும் பேச்சு என்று என்னால் விடமுடியவில்லை. அம்மா வலியசாலையில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அந்த வீட்டில் யாரோ, ‘டிரைவர் உறங்கியதால் ஒரு நல்ல மனுஷன் போனான்’ என்றார்களாம், அவள் அவனுடைய அம்மா என்று தெரியாமல். அதோடு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சோறு போடும்போதெல்லாம் என்னைக் கேட்பாள்.

“ஏட்டி, அவன் உள்ளதா உறங்கிட்டானா?”

நான் ஒன்பதாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். போலீசில் போய்க் கேட்டேன். விசாரணை நடக்கிறது என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை. மத்தியானக் குலுக்கலுக்குக் கொஞ்சம் முன்னால், முகக்கவசம் போட்ட ஒரு அம்மா தட்டுக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாலு எண்ணைச் சொல்லி, அதில் முடிகிற டிக்கெட் இருக்கா என்று மலையாளத்தில் கேட்டார்.

சரியான நம்பர்! அதைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்?

இன்றைக்கு இல்லை என்றேன். அவர் நகரவில்லை. முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். அழுது வீங்கிய கண். டிவியில் பார்த்த முகம். அந்த நடிகரின் மனைவி.

“முருகன் பறஞ்சிட்டுண்டு, தங்கச்சிக்கு இவிடெ லாட்டரித் தட்டு உண்டுன்னு. எப்படிப் பேசத் தொடங்கறதுன்னு தெரியல... அதான் டிக்கெட் கேட்டேன்.”

சுகுமாரன் சேட்டன் தன் வண்டியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் உபசாரம் எதுவும் செய்யவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. நேராக, அண்ணன் தூங்கிவிட்டானா என்றுதான் கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மலை இறங்கும்போது வீட்டுக்காரர் போனில் தன்னோடு பேசிக்கொண்டிருந்தாராம். ஸ்பீக்கரில். ஏதோ ஒரு தமாசு சொன்னாராம். முன்னால் இருந்து முருகன் சிரிக்கிற சத்தம் கேட்டதாம். அதோடு போன் நின்றுவிட்டது.

“அவிடெ ரேஞ்ச் கிட்டாதல்லோ... அதான் கட் ஆயின்னு நினைச்சு நான் போனை வச்சிட்டு, தோசைக்கு மாவு எடுக்கப் போனேன் மோளே.”

போலீசிலும் இதைச் சொன்னாராம். எழுதிக்கொண்டார்களாம். பேப்பரில்தான் வரவில்லை. வில்லன் நடிகர் கடைசியாகத் தமாசு சொன்னார் என்று யார் போடுவார்கள்? பேப்பரில் தூங்கிவிட்டான் என்று வருவதைப் பார்க்கும்போதெல்லாம், எங்களைத் தேடி வர வேண்டும் என்று நினைப்பாராம். வந்தால் நாங்கள் ‘உங்க வீட்டுக்காரராலதான் என் அண்ணன் போனான்’ என்று சண்டைக்கு வருவோமோ என்று பயமாம். பாருங்கள், அவர் எங்களைப் பார்த்துப் பயந்திருக்கிறார்... நாங்கள் அவரைப் பார்த்து!

என்ன தமாசு என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அது சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல மோளே. கல்யாணம் ஆன நாள் முதல் கேக்குற எனக்கே ஒரு தடவையும் சிரிப்பு வந்ததில்ல. முருகன் மாத்திரம் எப்பவும் சிரிப்பான்.”

கடையை அப்படியே சேட்டனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மாவிடம் சொன்னேன். எங்கே சிரித்தான், எவ்வளவு சத்தமாகச் சிரித்தான் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளும் அந்தத் தமாசைப் பற்றியே கேட்டாள்.

“அவரு அவ்வளவு நல்லாவா தமாசு சொல்லுவாரு?”

இல்லம்மா, ரொம்ப மோசமாம் என்றேன்.

“பின்ன இவன் எதுக்குட்டி சிரிச்சான்?”

எதற்கா? முதலாளி சொல்கிற மட்டமான ஜோக்குக்குச் சரியான நேரத்தில் சிரிக்க வேண்டும் என்றால், ஆள் நன்றாக முழித்துக்கொண்டிருக்க வேண்டும்!