அக்காவின் பையும் அன்றைய பத்திரிகையும்

மின்விசிறியை நிறுத்தி, கடல் பக்க யன்னலைச் சாத்தியதும் எங்கள் வெள்ளவத்தை பிளாட் புழுங்கத் தொடங்கிவிடும். அந்தப் புழுக்கத்தோடு ஸ்பிரிட் வாசமும் சேரும்...

அக்கா தன் வயிற்றுக் குழாயைத் திறக்கும் நேரம் அது. குழாய் வழியாகக் கிருமி போய்விடக்கூடாது என்றுதான் இத்தனை கட்டுப்பாடு.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தபின், வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, சில மணித்தியாலம் வைத்திருந்து வெளியே எடுக்கும் டயாலிசிஸ். அக்கா விஞ்ஞான ரீச்சர்.

"கரும்பலகையில கீறிக் காட்டின பரவலும் பிரசாரணமும் இப்ப என்ர வயித்துக்குள்ள நடக்குது, தம்பி. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டுவந்து காட்டலாம். ஆனா வெக்கமா இருக்கு" என்பார்.

இரத்தத்தில் கழிவு அதிகம். உள்ளே விட்ட திரவத்தில் இல்லை. நடுவில் வயிற்றின் உட்சவ்வு. நெரிசலான பக்கத்திலிருந்து கழிவு தானாகவே திரவத்தின் பக்கம் வந்துவிடும். அது பரவல். திரவத்தில் கரைத்திருக்கும் சீனி, உடம்பில் தேங்கிய நீரை இழுத்தெடுக்கும். வெட்டிய பாகற்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுவதுபோல. அது பிரசாரணம்.

வடிந்த திரவப் பையைப் பத்திரிகை மேல் வைத்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பைக்கு ஊடாக எழுத்தை வாசிக்க முடிந்தால் பயமில்லை. கலங்கியிருந்தால் தொற்று; தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

அக்காவுக்குப் பார்வை மங்கல். வாசிப்பது என் வேலை.

ஒரு மழைக்காலக் காலை. பையை நான் வேலைசெய்யும் பத்திரிகையின் முன்பக்கத்தின் மேல் வைத்துக் குனிந்தேன். "கொலன்னாவையில் வெள்ளம் வடியத் தொடங்கியதை அடுத்து..." தடங்கலில்லாமல் இரண்டு பந்தி வாசித்தேன்.

"தெளிவாத்தான் இருக்கக்கா."

"அது ஆர் எழுதினது?"

"நான்தான்."

"எழுதினவனுக்கு எழுத்தைப் பாக்கத் தேவையில்லையடா. மரண அறிவித்தல் பக்கத்தை வை."

வைத்தேன். யாரோ ஒருவரின் படம் நிழல்போலத் தெரிந்தது. பெயரின் முதலெழுத்து 'க'வா, 'த'வா... அரிசி கழுவிய தண்ணீருக்கு ஊடாகப் பார்ப்பதுபோல இருந்தது.

"என்ன, சத்தத்தைக் காணேல்ல?"

"தெரியேல்லயக்கா..."

"அப்ப ஓட்டோவைக் கூப்பிடு. முகத்தை இப்பிடி வைச்சுக்கொண்டு நிக்காத, நான் இன்னும் சாகேல்ல."

பையையும் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலி வீதி நெரிசலில் அக்காவின் கை என் கையில் சுட்டது.

மருந்தைத் திரவத்தில் கலந்தே வயிற்றுக்குள் விட்டார்கள். அடுத்த பையும் கலங்கல். அதற்கடுத்ததும். சவ்வு பழுதானால் இந்த டயாலிசிஸ் வழியே அடைபட்டுவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வாட்டில் ஒவ்வொரு பையையும் மரண அறிவித்தல் பக்கத்தின் மேல் வைத்துக் குனிந்தேன்.

பிறகு ஒரு பிற்பகல், எழுத்துகள் மெல்ல மேலே வந்தன.

"மானிப்பாயைப் பிறப்பிடமாகவும் தெஹிவளையை வதிவிடமாகவும் கொண்ட..." பேரப்பிள்ளைகள் வரை சத்தமாக வாசித்தேன். முன்பின் தெரியாத ஒருவரின் மரண அறிவித்தலுக்கு நாங்கள் இருவரும் சிரித்ததைப் பக்கத்துக் கட்டில்காரி வெறித்துப் பார்த்தார்.

"பாவம் மனிசன்" என்று அக்கா கண்ணைத் துடைத்தார்.

அதற்குப் பிறகும் சில வருடம் அக்கா எங்களோடு இருந்தார்.

போன கிழமை என் இரத்தப் பரிசோதனை முடிவு போனுக்கு வந்தது. சிறுநீரகம் வடிக்கவேண்டிய கழிவு, இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதல். அக்கா இருந்திருந்தால் என் குரலிலேயே பிடித்திருப்பார்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை... இதை வாசிக்கிற உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.