நான் ஓடாத வெள்ளைக் குதிரை

மகள் அந்தப் படிவத்தை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் நிரப்பினாள். ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டு, கை கழுவின ஈரம் காய முதலே லப்டொப்பைத் திறந்துவிட்டாள். கனடாவின் வடமேற்கு மூலையில், யூக்கோனில் பத்து நாள் குதிரைப் பயணம். அப்பாவும் மகளும் மட்டும். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் தரும் பரிசு.

"அப்பா, உங்கடை நிறை எவ்வளவு? உண்மையைச் சொல்லுங்கோ. குதிரைதான் சுமக்கப் போகுது."

நூற்றுத் தொண்ணூறு இறாத்தல் என்றேன். அந்தப் படிவத்தில் என்னைப் பற்றி எழுதியதில் உண்மை அது ஒன்றுதான்.

அடுத்தது குதிரை அனுபவம். இல்லை, கொஞ்சம், நடுத்தரம், நல்ல தேர்ச்சி என்று நாலு பெட்டி. அதை அவள் என்னிடம் கேட்கவே இல்லை. கடைசிப் பெட்டியில் சரி போட்டுவிட்டு, கீழே ஆங்கிலத்தில் எழுதி எனக்கு வாசித்தும் காட்டினாள். என் அப்பா இலங்கையில் நெடுந்தீவு என்ற தீவில் பிறந்தவர், அங்கே காட்டுக் குதிரைகள் உண்டு, சின்ன வயதிலேயே சேணம் இல்லாமல் அவற்றில் ஏறி ஓடியவர்.

அடுப்படியில் சட்டி கழுவிக்கொண்டு நின்ற மனைவி தண்ணீர்ப் பைப்பைப் பூட்டினாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "ஓம், அப்பிடித்தான்," என்றேன்.

வெக்கம் கெட்டவன் நான். இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது. சொல்லிவிடுகிறேன்: நான் வாழ்க்கையில் ஒரு நாளும் குதிரையில் ஏறியதில்லை.

நெடுந்தீவில் குதிரைகள் நிற்பது உண்மை. ஆனால் அவை தங்கள் பாட்டில் வெளியில் மேயும், நாங்கள் எங்கள் பாட்டில் சைக்கிளில் போவோம். இதை இங்கே இருக்கிற மற்ற ஊர்க்காரருக்கு விளங்கப்படுத்த ஏலாது. நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் பக்கத்துக் கதிரைக்காரர் "அண்ணை எவடம்?" என்று கேட்பார். நெடுந்தீவு என்றால் போதும், "அப்ப குதிரை ஓடுவியளோ?" என்பார். முதல் கொஞ்சக் காலம் இல்லை என்றேன். பிறகு சிரித்துச் சமாளித்தேன். பிறகு "அது ஒரு காலத்தில" என்று சொல்லத் தொடங்கினேன். பகிடி எந்தக் கலியாண வீட்டில் பொய்யாக மாறியது என்று எனக்கே தெரியாது.

மகளுக்குச் சொன்ன நாள் மட்டும் வடிவாக ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு ஏழு வயது. நான் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினேன். ஒரு சனிக்கிழமை, மறந்து விட்டுவிட்டு வந்த ஜக்கெற்றை எடுக்க அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மனேஜர், என் வயதில் பாதி இருக்கும், முதல் நாள் நான் கழுவின தட்டுகளில் அழுக்கு இருந்தது என்று பிள்ளைக்கு முன்னால் வைத்து என் நெஞ்சில் விரலால் குத்திக் குத்திப் பேசினான். நான் ஸொறி, ஸொறி என்றபடி நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் மோர்னிங்சைட் பஸ்ஸில் கேட்டாள். "அப்பா, ஏன் அந்த ஆள் உங்களைப் பேசினவர்?"

யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பிறகு வாய் தானாகச் சொன்னது: "அப்பாட்டை ஊரில ஒரு குதிரை நிண்டது. தெரியுமே உனக்கு?"

"உண்மையாவா? என்ன நிறம்?"

"வெள்ளை."

அவ்வளவுதான். அந்த மனேஜர் அவள் முகத்தை விட்டே போய்விட்டான். வீட்டுக்கு வந்து சேர முதல் குதிரைக்குப் பெயரும் வைத்தாயிற்று. திங்கட்கிழமை வகுப்பு முழுக்கத் தெரியும். அந்தக் கிழமை முழுவதும் குதிரைப் படமாய்க் கீறித் தள்ளினாள், எல்லாவற்றிலும் மேலே நான். எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அந்தப் படங்களில் ஒன்று நிறம் மங்கும்வரை இருந்தது. தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது.

மனைவிக்கு எல்லாம் தெரியும். அவள் மன்னார்க்காரி. "எங்கடை ஊர் றோட்டெல்லாம் கழுதை. நான் கழுதையில பள்ளிக்கூடம் போனனான் எண்டு ஆருக்காவது சொல்லித் திரிஞ்சனானே?" என்று அந்த நாளிலேயே பகிடி பண்ணுவாள். படிவம் போன பிறகு அந்தப் பகிடி நின்றுவிட்டது.

வசந்தம் முழுக்க எங்கள் வீட்டில் இதுதான் கதை. மகள் விட்பியில் தனியே இருக்கிறாள், ஆனால் சனி ஞாயிறு வந்துவிடுவாள். மேசையில் பெரிய வரைபடத்தை விரித்து நாலு மூலைக்கும் நாலு தேத்தண்ணிக் கோப்பை வைப்பாள். ஆளுக்கு ஒரு சேணப்பை மட்டும், அதற்குள் கம்பளிக் காலுறை, மழை உடுப்பு, கரடிக்கு அடிக்கிற மிளகாய் ஸ்பிறே. "போய் இறங்கிற ஊரின்ரை இங்கிலீஸ் பேருக்கு அர்த்தமே வெள்ளைக் குதிரை, அப்பா! இது சும்மா நடக்கேல்லை," என்று ஒருநாள் வரைபடத்தில் விரலை வைத்துத் துள்ளினாள். ஓம் பிள்ளை, கடவுள் என்னைப் பிடிக்கத்தான் அங்கே ஊர் கட்டி வைத்திருக்கிறார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பயணத்தை நடத்துகிறவர்களிடம் இரண்டு பாதை இருந்தது. ஒன்று பள்ளத்தாக்கோடு போகிற லேசான பாதை. மற்றது மலை இடுக்குகளில் ஏறி, பனி உருகி ஓடுகிற ஆறுகளைக் குதிரையிலேயே கடந்து போவது. படிவத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் எழுதினார்கள்: அப்பாவுக்கு இவ்வளவு தேர்ச்சி இருப்பதால் நீங்கள் இரண்டாவதற்கே வரலாம். மகள் அதை எனக்குப் போனில் வாசித்துக் காட்டியபோது அவள் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை. அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி. "உங்களை ஆறு கொண்டுபோனால் அது உங்கடை பாடு. பிள்ளை உங்களை நம்பிப் பின்னால வரப்போறாள். சொல்லுங்கோ."

"நீர் சும்மா இரும். அடுத்த கிழமை சொல்லுறன்."

என் திட்டம் வேறு. முழங்கால் நோ. அறுபது வயதுக்காரன் முழங்கால் நோ என்றால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனி மாதமளவில் நோ கூடும், லேசான பாதைக்கு மாறுவோம், அங்கே குதிரை தானாக நடக்கும், நான் மேலே இருந்தால் போதும். இப்படி ஒரு முட்டாள் கணக்கு.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை மகள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு விட்பிக்கு வடக்கே ஒரு பண்ணைக்குப் போனாள். எனக்குச் சொல்லாமல் குளிர் காலம் தொடங்கி அங்கே குதிரை பழகியிருக்கிறாள். "உங்களோடை வாறதெண்டால் நானும் கொஞ்சமாவது ஓடத் தெரிஞ்சிருக்க வேணுமே," என்றாள். பழக்குகிற பெண்ணிடம் என்னை அறிமுகப்படுத்தினாள். இவர்தான் என் அப்பா, நான் சொன்னேனே, காட்டுக் குதிரை ஓடினவர். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கி, எனக்கென்று ஒரு மண்ணிறக் குதிரையைக் கொண்டுவரப் பார்த்தாள்.

நான் முழங்காலைத் தடவினேன். இன்றைக்கு ஏலாது, மகள் ஓடட்டும், நான் பார்க்கிறேன் என்றேன்.

சும்மா பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் இந்த வாய் இருக்கிறதே! வேலியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, போன் வீடியோக்களில் பார்த்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். முதுகை நிமித்து. குதியைக் கீழை விடு. அவளும் ஒவ்வொரு சுற்றுக்கும் என் பக்கம் பார்த்துத் தலையாட்டினாள். எனக்குப் பெருமையாகவே இருந்தது, அதைத்தான் சொல்ல வெக்கமாக இருக்கிறது.

பக்கத்துக் கொட்டிலில் ஏதோ தகரம் விழுந்த சத்தம். குதிரை பதறிப் பக்கவாட்டில் துள்ளியது. கடிவாளத்தை விடு, தளர்த்து என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கத்தினாள். அதே நேரம் நான் தமிழில் கத்தினேன்: "இறுக்கு பிள்ளை! இறுக்கி இழு!"

அவள் இழுத்தாள். குதிரை தலையை உயர்த்திப் பின்காலில் எழும்பியது. மகள் மணலில் விழுந்த விதத்திலேயே கை போய்விட்டது என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தோம். அவள் ஒரு கையை மற்றக் கையில் ஏந்திக்கொண்டு, நிறமில்லாத உதட்டோடு இருந்தாள். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"இட்ஸ் ஓகே, அப்பா. நான்தான் லேற். நீங்கள் சொன்ன உடனை இழுத்திருந்தால் விழுந்திருக்க மாட்டன்."

ஐயோ, அந்த இடத்தில்தான் நான் உடைந்தேன். மாதக் கணக்காகப் பழக்கின பெண் ஒரு பக்கம் கத்த, நான் மறுபக்கம் கத்த, அவள் என்னை நம்பினாள். கை முறிந்த பிறகும் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"பிள்ளை, அவ சொன்னதுதான் சரி," என்றேன். "எனக்குக் குதிரை ஓடத் தெரியாது. ஒருநாளும் ஓடினதில்லை."

அவள் விளங்காத மாதிரிப் பார்த்தாள். "வெள்ளைக் குதிரை?"

"இல்லை."

"அதின்ரை பேர்?"

"பஸ்ஸில வைச்சு யோசிச்ச பேர்."

மெல்லிய குரலில், "யூனிவர்சிட்டியில இடம் கேட்டு எழுதின எஸ்ஸே முழுக்க அந்தக் குதிரைதான் அப்பா," என்றாள். எனக்கு அது தெரியாது. அவள் எழுதியதை நான் ஒருநாளும் கேட்டு வாசித்ததில்லை.

"அப்ப உண்மையா நீங்கள் குதிரையளோடை என்ன செய்தனீங்கள்?"

இனி எதை மறைக்க? சொன்னேன். கோடை முற்றினால் எங்கள் தீவில் நல்ல தண்ணீர் இருக்காது. கிணற்றடித் தொட்டியில் இறைத்து வைப்பது எங்கள் மாடுகளுக்கு. குதிரைகள் தாகத்தில் தேடி வரும். அவற்றைக் கலைப்பது என் வேலை. சட்டைப்பை நிறையக் கல்லோடு நிற்பேன். ஒரு குதிரை குட்டியோடு வந்தது. எறிந்தேன், போய்க் கொஞ்சத் தூரத்தில் நின்றது. திரும்ப வந்தது, திரும்ப எறிந்தேன். மூன்றாம் நாள் தாய் மட்டும் வந்தது. அதற்கும் எறிந்தேன்.

தாதி அவள் பெயரைக் கூப்பிட்டாள். நானும் எழும்பினேன். "நீங்கள் இருங்கோ. நான் தனியப் போறன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கோடையில் நாங்கள் எங்கேயும் போகவில்லை. வீட்டுக்கு வருவாள், அம்மாவோடு கதைப்பாள், என்னோடு ஓம், இல்லை. கோபித்தாலும் பரவாயில்லை, ஏசினாலும் பரவாயில்லை. மரியாதையாக இருந்தாள். அதுதான் என்னைத் தின்றது. அப்பா சொன்னால் சரி என்ற அந்த முகத்தை இனி நான் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி முடிவில் மகளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த வருடக் குதிரைப் பயணத்துக்கான படிவம், வெறுமையாக. அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு பின்னேரம் முழுக்க அதற்கு முன்னால் இருந்தேன். நிறை, நூற்றுத் தொண்ணூற்று நாலு இறாத்தல். அனுபவம், இல்லை. வேறு ஏதாவது சொல்ல உண்டா என்ற இடத்தில், எனக்குக் குதிரைக்குப் பயம், சின்ன வயதில் தாகத்தோடு வந்த குதிரைகளுக்குக் கல்லால் எறிந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அவளுக்கு அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை காலமை காரோடு வந்து நின்றாள். கையில் கட்டு இல்லை. "வெளிக்கிடுங்கோ," என்றாள். வழி முழுக்க ஒரு கதையும் இல்லை.

பண்ணையில் அதே பெண் என்னைக் கண்டதும் முழங்கால் எப்படி என்று விசாரித்தாள். நான் வாயைத் திறக்க முதல் மகள் முந்திக்கொண்டாள். அப்பாவின் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, அவருக்குக் குதிரை ஓடத் தெரியாது, பயம், முதலில் இருந்து பழக்குங்கள் என்றாள். குரலில் பகிடியும் இல்லை, பெருமையும் இல்லை. ஏழு வயதிலிருந்து என் பிள்ளை என்னைப் பற்றி ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிந்திருக்கிறாள், பொய் என்று தெரியாமலே. அன்றைக்குத்தான் அவள் வாயால் உண்மை வந்தது.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்படியானால் இன்றைக்கு ஏற வேண்டாம், இதைக் கொண்டுபோய் வையுங்கள் என்று ஒரு வாளியைக் கையில் தந்தாள். பைப்படியில் நிரப்பிக்கொண்டு போனேன். மண்ணிறக் குதிரை தலையை உள்ளே விட்டுக் குடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு மிடறும் அதன் கழுத்துக்குள் இறங்குவது தெரிந்தது. வாளி சரிந்து, பாதித் தண்ணீர் சப்பாத்தில் ஊற்றுப்பட்டது. நான் நிமிர்ந்து மகளைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

வேலிக்கு அப்பால் அவள் நின்றாள். வாளி காலியாகும்வரை பொறுத்திருந்தாள்.

"அதுக்கு ஒரு வாளி காணாது, அப்பா," என்றாள். "இன்னொரு வாளி எடுத்துக்கொண்டு வாங்கோ."