இருபது மார்க்குக்கு ஒரு பாஷை

சித்தூர்ப் பக்கம் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விடலாம், இங்கிலீஷில் கோட்டை விடலாம். இந்தியில் ஃபெயிலானால் மட்டும் ஊர் சிரிக்கும். மற்ற பாடங்களுக்கு முப்பத்தைந்து வாங்க வேண்டும், இந்திக்கு இருபதே போதும். அதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு. கேள்வித்தாளில் இருப்பதை அப்படியே பார்த்து அழகாக எழுதி வைத்தால், திருத்துகிறவர் மனமிரங்கிப் போட்டுவிடுவார் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். பிச்சாட்டூர் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கும் தேவயானியும் அப்படித்தான் பக்கம் பக்கமாக எழுதினாள். அவள் நேரம், திருத்தியவருக்கு மனம் இரங்கவில்லை. பதிமூன்று மார்க்.

அது நடந்து இருபது வருஷம் ஆகிறது. நடுவில் கல்யாணம் ஆனது, ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் வேலையும் கிடைத்தது. சோறாக்குவது, மூக்கு துடைப்பது, பிரமிளா டீச்சர் மீட்டிங் போனால் பாட்டும் கதையும் சொல்வது எல்லாம் தேவயானிதான். அடுத்த வருஷம் பிரமிளா ரிட்டையர் ஆகிறார். பத்தாவது பாஸ் செய்திருந்தால் அந்த இடம் தேவயானிக்கு. இல்லையென்றால் நேற்றுப் படித்து முடித்த யாராவது வந்து உட்காருவாள், அவளுக்கும் இவள்தான் சோறாக்க வேண்டும். அதை நினைத்தால் தேவயானிக்கு வயிறு எரிந்தது.

விட்ட அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதுவதென்று, புத்தூரில் ஒரு இந்தி கைடு வாங்கி வந்தாள்.

"ஏழு மார்க்குதானே கொறையுது? சந்தையில கெடச்சா நானே வாங்கியாரேன்" என்றான் அவள் கணவன் முனிகிருஷ்ணன்.

"நீ சிரிச்சிக்கினே இரு மாமா. நான் பாஸ் பண்ணிட்டு சிரிக்கறேன்."

வீம்பு பேசிவிட்டாள். அங்கன்வாடியில் பருப்பு வேகிற நேரத்தில் உட்கார்ந்து உரக்க வாசிப்பாள். பள்ளியில் படித்த எழுத்து மறக்கவில்லை; அர்த்தம்தான் ஒன்றும் ஏறவில்லை.

ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் பீகார்க் குடும்பங்கள் சில வேலை செய்தன. அதில் பபிதா என்பவள் மதியம் தன் பையனை அழைத்துப்போக அங்கன்வாடிக்கு வருவாள். தேவயானி வாசிப்பதைக் கேட்டு ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகாமல், தீதி என்று அக்கா முறை கொண்டாடிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது, பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. குருடன் தோளில் முடவன் ஏறிய கதையாக, இவள் வாசிக்க அவள் நடித்துக் காட்டினாள். ஆறு என்றால் கையை நெளிப்பாள். கோபம் என்றால் பையனை அடிக்க ஓங்குவாள். அவன் நிஜமென்று நினைத்து ஊரைக் கூட்டுவான்.

ஹோலி முடிந்த வாரம் பபிதா போனை நீட்டினாள். ஊரில் பாட்டனிடம் விட்டு வந்த மூத்த மகள், மூன்றாம் வகுப்பு, நோட்டுத்தாளில் எழுதிய கடிதத்தின் போட்டோ. சூளை மேஸ்திரியிடம் காட்டினாளாம். "நல்லா கீதாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டானாம்.

தேவயானி எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தாள். பாதிக்கு மேல் அவளுக்கே புரியவில்லை. பபிதா மறுபடி வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னாமே எழுதிக்கிது கொழந்த?"

பாதி சைகையும் பாதி வார்த்தையுமாகப் பபிதா சொன்னாள். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஹோலிக்கு அம்மா வருவாள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நீ வரவில்லை. எனக்குக் கோபமில்லை.

தேவயானிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் இது இருபது மார்க்குக்கான சனியன் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே பபிதா பதில் சொல்லச் சொல்ல இவள் எழுதினாள், போட்டோ எடுத்து அனுப்பினார்கள். பிறகு வாரம் ஒரு கடிதம் போனது, ஒன்று வந்தது. கைடு அடுப்புப் புகையேறி மூலையில் கிடந்தது.

மழை தொடங்கியதும் சூளையை மூடினார்கள். பபிதா ஊருக்குக் கிளம்பினாள். அவள் போன மூன்றாம் நாள் தேவயானி புத்தூரில் பரீட்சை எழுதினாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார வெட்கமாகத்தான் இருந்தது. தங்கைக்குக் கடிதம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி. தாளைத் திருப்பி இரண்டாம் பக்கமும் எழுதினாள்.

ரிசல்ட் வந்த காலையில் நாற்பத்தாறு என்று இருந்தது. நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தாள். முனிகிருஷ்ணன் கிண்டல் எதுவும் செய்யாமல், ஸ்வீட் வாங்க வண்டியை எடுத்தான்.

சாயங்காலம் பீகாரிலிருந்து போட்டோ வந்தது. அதே குழந்தைக் கையெழுத்து. "அம்மா வந்துவிட்டாள். தீதி பாஸா என்று கேட்கச் சொன்னாள்." பக்கத்தில் நடித்துக் காட்ட யாருமில்லை, தேவயானிக்கு அத்தனையும் புரிந்தது. நோட்டுத்தாளைக் கிழித்து உடனே பதில் எழுதினாள். பாஸ் என்று எழுதினாள், ஆட்டுக்குட்டிகளை விசாரித்தாள். வேலைக்கு ஆர்டர் இன்னும் வரவில்லை. இருந்தும் கடைசியில் தேவயானி டீச்சர் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.